பிறர் பிள்ளையும் தம் பிள்ளையும்

கணவனும் மனைவியும் கிராமத்துப் பாடசாலைகளிலேயே கற்பித்து, அங்கேயே மூப்படைந்து ஓய்வு பெறுதல் எமது நாட்டில் அரிய செய்தியன்று. மன்னாரிலும் வன்னியிலும் படுவான்கரையிலும் மலையகத் தோட்டங்களிலும் இத்தகையோர் பலர் வாழ்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு எடுக்கப்படும் சேவைநயப்பு விழாக்களிலே ‘தியாகம்’ என்னும் சொல் தாராளமாக வழங்கும். (ஒலிபெருக்கியின் முன்னே அச்சொல்லைச் சிக்கனமாகக் கையாள்வோரை யாம் கண்டதில்லை.) எனினும் அச்சொல்லுள் ஓர் அறவியல் வினா அடங்கியுள்ளது. தன்னுடையதைப் பிறர்க்கு ஈதல் தியாகமாயின், தன் பிள்ளைக்கு உரியதை ஈதல் யாது?

இவ்வினாவை ஆராயப் புகுவோர்க்கு ஆரியநாயகம் தம்பதியரின் வாழ்வு பயனுடைய தொடக்கமாகும். யாழ்ப்பாணத்திற் பிறந்த ஈ. டபிள்யூ. ஆரியநாயகம் சாந்திநிகேதனத்திலே தாகூருக்குத் துணையாயிருந்தவர். 1930இல் கவிஞர் சோவியத் நாட்டுக்குச் சென்றபோது உடன் சென்றவர். அவர் மணந்த ஆஷாதேவி, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்த பணிபூஷண் அதிகாரியின் மகள். இருவரும் சாந்திநிகேதனத்தை விட்டு வார்தாவுக்குச் சென்று காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டத்துக்குத் தம்மை ஒப்படைத்தனர். ஏழு ஆண்டு இலவசக் கல்வி, தாய்மொழி, நூற்றல் போன்றதொரு கைத்தொழிலை நடுவாகக் கொண்ட பாடங்கள் என்பன அத்திட்டத்தின் உயிர்நிலைகள். 1937 அக்டோபரில் நடைபெற்ற வார்தா மாநாட்டையடுத்து ஸாகிர் ஹுஸைன் தலைமையில் அமைந்த குழுவில் கணவர், மனைவி இருவருமே இடம்பெற்றனர். 1954இல் பத்மஸ்ரீ விருது ஆஷாதேவியின் பெயருக்கே வந்தது.

இவ்விவரம் சிறிதன்று. எத்தனையோ இல்லங்களில் கணவனுடைய ‘சேவை’ என்பது மனைவியின் உழைப்பேயாகும். அவளும் பகலெல்லாம் கற்பிக்கிறாள். மாலையில் வீட்டுக்கு வரும் மாணவர்க்குச் சோறும் ஆக்குகிறாள். வாழ்த்துப் பாவிலோ அவள் பெயர் ஈற்றடியில் வந்தால் உண்டு. சேவாக்கிராமத்து இருவரும் தத்தம் அறிவால் தேர்ந்து தம்மைத் தந்தவர்கள். ஆகவே அவர்களிடையே ஒருவர் மற்றவரை ஈந்துவிட்டார் என்ற குறைக்கு இடமில்லை.

ஆனால் குழந்தை அவ்வாறு தேர்வதில்லை. சிக்கல் இங்கேதான் எழுகிறது. ஆசிரியத் தம்பதியர் தம் பிள்ளையை அக்கிராமத்துப் பாடசாலையிலேயே வைத்திருப்பின், தாம் செய்த தேர்வின் விலையைத் தேராத ஒருவன் மீது சுமத்தியவராவர். நகரத்துக் கல்லூரி விடுதிக்கு அனுப்பின், தாம் நாள்தோறும் கற்பிக்கும் இடம் தம் பிள்ளைக்குப் போதாது எனச் செயலாற் சாட்சி கூறியவராவர்.

காந்தியடிகள் முதல்வழியைத் தேர்ந்தார். தென்னாபிரிக்காவில் ஐரோப்பியர் பள்ளிகள் அவர் புதல்வரைச் சலுகையாகச் சேர்த்துக்கொள்ளக் கூடியனவாயிருந்தன. ஏனைய இந்தியப் பிள்ளைகளுக்கு அக்கதவு மூடியிருந்தது. அச்சலுகையை அவர் ஏற்கவில்லை. டால்ஸ்டாய் பண்ணையில் முரட்டுச் சிறுவருடன் தம் மக்களைக் கலந்து பழகவிடுவதை நண்பர் கல்லென்பாக் கண்டித்தபோதும் அவர் அசையவில்லை. மூத்த மகன் ஹரிலால் தமக்கு முறையான கல்வி மறுக்கப்பட்டதென்னும் கசப்புடன் 1911இல் தந்தையைப் பிரிந்தார்.

மனிதனை வெறுங் கருவியாக ஒருபோதும் கொள்ளலாகாது, அவனை இலக்காகவும் கொள்ளல் வேண்டும் என்பது காண்டின் கோட்பாடு. இதனைக் கொண்டு நோக்கின், பிள்ளையைக் கிராமத்திலே வைத்திருத்தல் தன்னளவிற் குற்றமன்று. தம் கொள்கைக்கு அத்தாட்சியாக அவனை நிறுத்துதலே குற்றம். இதன் சிறு வடிவை எமது வகுப்பறைகளிற் காணலாம். பெற்ற தாயை ‘ரீச்சர்’ என்றழைக்க வேண்டிய பிள்ளைக்கு, பாரபட்சமில்லை என ஊருக்குக் காட்டும் பொருட்டு, பிறரிலும் ஓரடி கூடுதலாகக் கிடைக்கும். அவ்வடி அவனுக்காக விழுந்ததன்று.

இரண்டாம் வழியைத் தேர்ந்தோரே எம்மிடையே மிகப் பலர். இதனை வாசிப்போருட் சிலர் அவர்தம் மக்களாகவும் இருக்கலாம். அவர்களைப் பழிக்க யாம் முற்படவில்லை. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் மத்திய மகாவித்தியாலயங்களும் கிராமத்துப் பிள்ளைக்கு வாயில் திறந்தன என்பது உண்மை. ஆயினும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் கெட்டிக்காரப் பிள்ளையைக் கிராமத்திலிருந்து பெயர்த்தெடுப்பதற்கும் வழியாயிற்று. உயர்தர விஞ்ஞானப் பிரிவில்லாத பாடசாலைகள் இன்றும் பலவுள. இரசாயனம் கற்பிக்க ஆளில்லாத இடத்தில் மகனை வைத்திரு எனப் பெற்றோரை எந்த அறநூல் கட்டாயப்படுத்தும்?

ஆனால் அனுப்பியதோடு கடமை முடிந்ததெனல் பொருந்தாது. ஆசிரியரின் பிள்ளை அதே வாங்கிலிருக்கும்வரை பாடசாலைக்கு ஒரு காவல் உண்டு. கணிதத்துக்கு ஆளில்லாமற் போனால் அன்றிரவே அது வீட்டுக்குத் தெரியும். தாயின் கவலை மறுநாளே அதிபர் அலுவலகத்தை எட்டும். பிள்ளை போனபின் அக்கவலையும் உடன்போகிறது. பின்னர் அதே தாயும் தந்தையும், ஊரார் தயங்கிக் கேட்கும்போது, “இங்கே படித்தாற் போதும், பயப்படாதீர்கள்” என்கின்றனர். எம் கருத்தில் தவறு இங்கேதான் நிகழ்கிறது. தம் பிள்ளைக்குப் போதாதென அறிந்ததைப் பிறர் பிள்ளைக்குப் போதுமெனல், முப்பதாண்டுச் சேவையும் ஈடுசெய்ய முடியாத பொய்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, “எங்கள் மகனை அனுப்புகிறோம், இங்கே இரசாயனத்துக்கு ஆளில்லை, உங்கள் பிள்ளைகளுக்கும் ஆள் வேண்டும், சேர்ந்து கேட்போம்” என்று கூறுதல் எளிதன்று. அதிபரின் முகம் கோணும். மேலிடத்துக்கும் செய்தி போகும். வசதியுள்ள இன்னும் இரு குடும்பங்கள் தம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போகவும் கூடும். வரவு குறைந்த சிறு பாடசாலைக்கு அது பெரும் அடி. எனினும், தம் பிள்ளைகள் எத்தகைய பாடசாலையில் இருக்கின்றனர் என்பதை அறியும் உரிமை, எடுத்துக்கொண்டு போக வழியில்லாத பெற்றோருக்கும் உண்டு.