நடக்காமல் போனவற்றுக்கான கூலி

மருத்துவர் ஓர் உயிரைக் காப்பாற்றினால், காப்பாற்றப்பட்டவருக்கு ஒரு முகம் இருக்கிறது. அவர் கையெடுத்துக் கும்பிடுவார், பழம் வாங்கிக்கொண்டு வருவார். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் சரியாகக் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போன பெண்ணால் வயிற்றுப்போக்கிலிருந்து தப்பியவர் யார்? தப்பியவருக்கே அது தெரியாது. பொதுச் சுகாதாரம் என்பது இப்படி, எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை. பிரிட்டிஷ் நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1980களில் இதை ஒரு முரணாகவே எடுத்துச் சொன்னார். ஊருக்கெல்லாம் பெரும் பலன் தரும் தடுப்பு நடவடிக்கை, அதில் பங்கெடுக்கும் தனி ஒருவருக்குக் கொடுப்பதோ மிகக் கொஞ்சம்.

நமக்கு இது தெரியாத தத்துவமா? பொங்கி வழியாத பாலையும் மாதக் கடைசியில் தீர்ந்துபோகாத அரிசியையும் யார் பாராட்டியிருக்கிறார்கள்? பால் வழிந்த பிறகுதான் அடுப்படியில் ஒருத்தி நிற்கிறாள் என்பதே வீட்டுக்குத் தெரியவரும்.

என் பழைய மாணவி ஒருத்தியின் தங்கை, பி.எஸ்சி. நர்சிங் முடித்துத் தனியார் மருத்துவமனையில் வேலை செய்பவள், பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் படிக்க நினைத்தாள். ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். கல்லூரிக் கட்டணம், விடுதி, கடனுக்கு வட்டி. அவற்றுக்குக் கீழே, படிக்கும் இரண்டு ஆண்டுகளில் வராமல் போகும் சம்பளம். வீடு ஓடுவது அந்தச் சம்பளத்தில்தான் என்பதால் அந்த வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள். கடைசி வரி அவளுடைய அப்பா சொல்லி எழுதியது: நகைக்கு எடுத்து வைத்த பணம். அண்ணனின் பொறியியல் கடனை முதலீடு என்று சொன்ன அதே வீடு இதைச் செலவு என்று சொல்கிறது.

“போட்ட காசு திரும்பி வருமாம்மா? இந்தப் படிப்புக்கு இப்படிக் கணக்குப் பாக்கறதே தப்போ?” என்று கேட்டாள்.

அந்த இரண்டாவது கேள்விதான் என்னை விடவில்லை. இதய மருத்துவம் படிக்கப் போகிறவரோ மென்பொருள் படிக்கப் போகிறவரோ வருமானத்தைக் கணக்கிட்டால் அது விவேகம். நோயைத் தடுக்கப் படிப்பவள் கணக்கிட்டால் மட்டும் ஏன் கூச்சம் வருகிறது? இந்த வேலையின் மீது ‘சேவை’ என்ற சொல்லை ஒட்டி வைத்திருக்கிறோம். தமிழ் கற்பிப்பவள் என்பதால் இந்தச் சொற்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். சம்பளம், தொகுப்பூதியம், மதிப்பூதியம், ஊக்கத்தொகை என்று சொல்லில் மரியாதை ஏற ஏறக் கையில் வரும் பணம் இறங்குகிறது.

2005இல் தொடங்கிய திட்டத்தின் ஆஷா பணியாளர்கள் அரசின் கணக்கில் இன்றும் தன்னார்வலர்கள். நாடு முழுவதும் சுமார் 10 லட்சம் பெண்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. 2025 பிப்ரவரியில் கேரளத்து ஆஷாக்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தபோது மாநிலம் தந்த மதிப்பூதியம் மாதம் 7,000 ரூபாய். அவர்கள் கேட்டது 21,000. ஐம்பதாம் நாளில் தங்கள் தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள். இந்தியாவில் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பை முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்றான அச்சுத மேனன் மையமும் அதே நகரத்தில்தான் இருக்கிறது. அங்கே அந்தப் படிப்பு 1997இல் தொடங்கியது. படிப்பும் போராட்டமும் ஒரே ஊரில்.

அந்தப் படிப்பில் செலவுத்திறன் என்று ஒரு பாடம் உண்டு. குறைந்த பணத்தில் அதிக உயிர்களைக் காப்பது எந்தத் திட்டம் என்று கணக்கிடக் கற்றுத்தருவார்கள். தேவையான பாடம்தான், ஏழை நாட்டில் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் கிராமத்துப் பெண்ணின் ஒரு நாள் நடையை ஏறக்குறைய இலவசமாக எழுதிக்கொண்டால் எந்தத் திட்டமும் மலிவாகத்தான் தெரியும். பட்டம் பெற்றுத் திட்ட அலுவலர் ஆகிறவள் நாளை போடப்போகும் கணக்கு இது. தன் தாளில் இழந்த சம்பளத்தை அடிக்கோடிட்டவள், அந்தத் தாளில் இன்னொருத்தியின் நேரத்துக்கு என்ன விலை எழுதுவாள்? அவளிடம் இதையும் கேட்டேன். சிரித்தாள். பதில் சொல்லவில்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, அது நம் பெருமை. ஆனால் அதன் சுகாதார அலுவலர், துணை இயக்குநர் பதவிகள் எம்பிபிஎஸ் படித்தவர்களுக்கு. செவிலியர் இந்தப் பட்டத்தோடு வந்தால் பெரும்பாலும் கிடைப்பது ஆராய்ச்சித் திட்டங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் ஒப்பந்த வேலை. நிதி நின்றால் வேலையும் நிற்கும். ஆகவே முதலில் அரசு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். தனியார் கல்லூரி என்றால், வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதோடு நிறுத்தாமல், மூன்று ஆண்டு கழித்தும் அதே வேலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்கச் சொன்னேன். முன்பு படித்த பெண்கள் இரண்டு பேரிடமாவது பேசாமல் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே என்றேன். நகைப் பணத்தைச் செலவுப் பக்கத்திலிருந்து அடித்துவிடச் சொன்னேன். நகையாக வாங்கினாலும் அந்தப் பணம் அவள் கையில் நிற்கப் போவதில்லை. அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பற்றித்தான் பிறகு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.