ஓரத்துக் காலாள்

செஸ் பழக்கும் எவரும் முதல் நாளே சொல்வது, “நடுக் காலாளைத் தள்ளு” என்பதுதான். பலகையின் நடுவைப் பிடித்தவருக்கே காய்களை எந்தப் பக்கமும் ஓடவிட வழி கிடைக்கும். பாடத்தில் பிழையில்லை. ஆனால் அந்த நடுவுக்கு ஓரத்தாலும் போகலாம்.

2024 டிசெம்பர் 8ஆம் திகதி, சிங்கப்பூர். உலக சம்பியன் போட்டியில் பத்து ஆட்டம் முடிந்து இருவரும் சமநிலை. பதினோராவது ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு இருந்த சென்னைப் பிள்ளை குகேஷுக்கு வயது 18. மூன்றாவது நகர்விலேயே, இடமிருந்து இரண்டாவது நிரலில் நின்ற காலாளை இரண்டு கட்டம் தள்ளிவிட்டார். கறுப்பு நடுவில் ஊன்றிய காலாளுக்குப் பக்கத்துணை சேரவிடாமல் செய்வதுதான் நோக்கம். எதிரே இருந்த நடப்புச் சம்பியன் டிங் லிரென் நான்காவது நகர்வுக்கே அரை மணித்தியாலத்துக்கு மேல் யோசித்தார். 29 நகர்வில் வெற்றி குகேஷுக்கு.

இதே கட்டத்துக்குப் பழைய கதை ஒன்றும் உண்டு. 1820களில் வேல்ஸ் நாட்டுக் கப்பல் கப்டன் எவான்ஸ், நான்காவது நகர்வில் அதே காலாளை அதே கட்டத்தில் வைத்து, எதிரியின் மந்திரிக்கு இரையாகக் கொடுத்தார். இரையைத் தின்ற மந்திரியை இன்னொரு காலாள் விரட்டும். அது ஓடி ஒதுங்குவதற்குள் வெள்ளை நடுவைப் பிடித்துவிடும். ஒரு காலாளைக் கொடுத்து நேரத்தை வாங்கும் வியாபாரம் இது. 1995இல் ரீகா நகரில் கஸ்பரோவ் இதைத் தூசு தட்டி எடுத்து, விஸ்வநாதன் ஆனந்தை 25 நகர்வில் தோற்கடித்தார். அதே ஆனந்தின் வழிகாட்டலில்தான் பின்னாளில் குகேஷ் வளர்ந்தார்.

இப்படிச் சொன்னால் ஓரக் காலாளில் ஏதோ மந்திரம் இருப்பதாகத் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. 1924இல் நியூயோர்க்கில் ஆடிய செஸ் வீரர் டார்டகோவர், மிருகக்காட்சிசாலையில் சூசன் என்ற ஒராங்குட்டான் குரங்கிடம் ஆலோசனை கேட்டதாகச் சொல்லிக்கொண்டு, அந்தக் காலாளை முதல் நகர்விலேயே தள்ளினார். தொடக்கம் மோசமில்லை, ஆட்டத்தில் தோற்றார். குகேஷுக்கும் அந்த ஓர நகர்வு ஒரு நாளைக்குத்தான் உதவியது. மறுநாள் டிங்கும் நடுக் காலாள்களை விட்டுப் பக்கக் காலாளால் ஆட்டத்தைத் தொடங்கி, வென்று, கணக்கைச் சமன் செய்தார். பட்டம் யாருக்கென்பது டிசெம்பர் 12ஆம் திகதி, கடைசி ஆட்டத்தில், பல மணி நேரப் பொறுமைக்குப் பிறகுதான் முடிவானது.

எதிர்பாராத நகர்வு எதிரியின் நேரத்தைத் தின்னும். அதற்கு மேல் ஒன்றும் தராது. மிச்சத்தைத் தருவது முதல்நாள் இரவு வீட்டில் செய்த வேலை.

பலகைக்கு வெளியேயும் இதே கதைதான். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்றே, உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். “பயோ எடு, இல்லாட்டி மெத்ஸ் எடு” என்பார் வாப்பா. காக்காவும் அதையே சொல்வார். அது நடுக் காலாள், நல்ல நகர்வுதான். ஆனால் 2013இல் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவும் வந்துவிட்டது. பக்கத்து ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில், அதற்கென ஒரு பீடமே இருக்கிறது. ஊர் அதிகம் போகாத அந்தப் பக்கம் போக ஒரு பிள்ளை ஆசைப்பட்டால், அதைக் கிறுக்கு என்று தள்ளவும் வேண்டாம். துணிச்சல் என்று உடனே கைதட்டவும் வேண்டாம்.

அந்தப் பிள்ளை மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதட்டும். இதற்காக நான் எதை விட்டுக்கொடுக்கிறேன்? அதற்கு ஈடாக எனக்கு என்ன கிடைக்கும்? கடைசியில் எந்த இடத்தைப் பிடிக்கப் போகிறேன்? மூன்றையும் எழுத முடிந்தால், தாளை வாப்பாவிடம் காட்டிப் பேசலாம். மூன்றாவதில் பேனா நின்றுவிட்டால், அந்தப் பாடம் படித்த ஒருவரைத் தேடிப்போய் விசாரித்துவிட்டு வந்து எழுதலாம்.