பள்ளத்தாக்கின் கணக்கு

ஒரு மலையிலிருந்து கல்லையும் மண்ணையும் ஆறு அள்ளிக்கொண்டே போனால் மலை குட்டையாகும் என்றுதான் நினைப்போம். எவரெஸ்டில் நடப்பது வேறு.

இமயத்தைத் தூக்கியது, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இந்திய, யூரேசியத் தட்டுகளின் மோதல். அது இன்னும் ஓயவில்லை. ஆனால் ஆறுகளுக்கும் இதில் பங்குண்டு. பூமியின் மேலோடு, அடியிலிருக்கும் அடர்த்தி கூடிய பாறையின்மேல் தோணி மாதிரி மிதக்கிறது. சரக்கை இறக்கினால் தோணி மேலே வரும் இல்லையா, அதே கதைதான். திபெத்திலிருந்து வந்து, எவரெஸ்டுக்குக் கிழக்கே இமயத்தை அறுத்துக்கொண்டு நேபாளத்தில் இறங்கும் அருண் ஆறு, அப்படிச் சரக்கு இறக்குகிறது. சுமார் 89,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்னொரு ஆற்றமைப்போடு இணைந்தது, அரிப்பு கூடியது. அதனால் எவரெஸ்ட் 15 முதல் 50 மீட்டர் வரை கூடுதலாக உயர்ந்திருக்கலாம் என்கிறது 2024இல் வெளியான ஓர் ஆய்வு.

‘இழப்புதான் நம்மை உயர்த்தும்’ என்று உடனே ஸ்டேட்டஸ் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், கணக்கைப் பார்த்துவிடலாம்.

பெரிய நிலப்பரப்பு ஒன்றில் சராசரியாக 100 மீட்டர் பாறை அரிபட்டால், மிதப்பினால் திரும்ப எழும்புவது ஏறக்குறைய 80 மீட்டர்தான். அதாவது, சராசரி உயரம் குறைகிறது. அதிகம் அரிபடாத சிகரம் மட்டும் அந்த எழுச்சியைக் கிட்டத்தட்ட முழுசாக வாங்கிக்கொள்கிறது. இழந்தது பள்ளத்தாக்கு, உயர்ந்தது சிகரம்.

எங்கள் வீட்டில் அக்கா பத்தாவதோடு நின்று திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனாள். நான் இன்ஜினியரிங் படித்தேன். “நீ மேல வந்தா நானும் வந்த மாதிரிதான் கண்ணு” என்பாள். அதைச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் சொந்தக்காரர்கள் “அவ தியாகத்தாலதான் குடும்பமே மேல வந்துச்சு” என்னும்போது உறுத்துகிறது. குடும்பம் என்று மொத்தமாகச் சொன்னால், யார் அரிபட்டார், யார் உயர்ந்தார் என்பது மறைந்துபோகிறது.

அருண் சரிவு பார்த்து ஓடுகிறது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. யார் படிப்பை நிறுத்துவது என்பதோ, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. விரும்பிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லலாம். கேட்காமல் எடுத்தது கடன்.

சிகரத்தால் பள்ளத்தாக்குக்குப் பாறையைத் திருப்பித் தர முடியாது. மனிதர்களால் கொஞ்சமாவது முடியும். அக்கா மகளின் கல்லூரிக் கட்டணத்தை நான் கட்டுவதை யாராவது ‘உதவி’ என்றால் திருத்திவிடுகிறேன். அது தவணை. அதுவும் அக்காவின் படிப்புக்கு ஈடாகாது.