வீண் அலைச்சலா, தவமா?

உடலை வருத்துவதெல்லாம் தவம் ஆகுமா என்னும் வினா நமக்குப் புதியதன்று. பகவான் பார்சுவநாதர் இளவரசராய் இருந்த காலத்தில், ஐந்தீ நடுவே உடல் வாடிய தாபசன் ஒருவனைக் கண்டு எழுப்பிய வினாவும் இதுவே. அத்தாபசனின் வருத்தத்தில் குறையொன்றும் இல்லை. வெயிலையும் தீயையும் பொறுத்தான், உணவைச் சுருக்கினான். ஆனால், தான் பிளக்கவிருந்த விறகுக் கட்டைக்குள் இரு நாகங்கள் இருந்ததை அவன் அறியவில்லை. அறிந்தவர் சொன்னபோது ஏற்கவும் இல்லை. இவ்வரலாற்றை நம் இல்லங்களில் சிறு குழந்தைகளும் அறிவர். அதே வினா இன்று காஞ்சிபுரத்தில், ஓடுகாலணி அணிந்து மிதிவண்டி ஏறி வந்து நிற்கிறது.

நம் உறவில் ஒரு பெண். வயது நாற்பத்திரண்டு; வங்கியில் பணி; இரு குழந்தைகளுக்குத் தாய். பள்ளி நாளில் ஓட்டப் பந்தயம் எதிலும் பரிசு பெற்றவள் அல்லள். கோவாவில் நடைபெறும் 'அயர்ன்மேன் 70.3' என்னும் டிரையத்லான் போட்டிக்காகப் பத்துத் திங்களாகப் பயிற்சி செய்து வருகிறாள். கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, ஈரம் உலருமுன் மிதிவண்டி ஏறி 90 கிலோமீட்டர் சென்று, இறங்கியதும் 21.1 கிலோமீட்டர் ஓடவேண்டும். மூன்றையும் மைல் கணக்கில் கூட்டினால் 70.3 வரும், பெயரில் உள்ள எண் அதுதான். கோவாவில் இப்போட்டி முதன்முதலாக 2019 அக்டோபரில் நடந்தது. எட்டரை மணி நேரத்திற்குள் முடித்தோரே முடித்தவராகக் கருதப்படுவர்.

இவள் கணக்கு இவ்வாறு: நீச்சலுக்கு ஒரு மணி ஐந்து நிமிடம், மிதிவண்டிக்கு நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் குறைவு, ஓட்டத்திற்கு மூன்று மணி. ஆக எட்டு மணி நேரம். உடை மாற்றவும் காலணி மாற்றவும் பத்துப் பதினைந்து நிமிடம் போனால், கையில் மிஞ்சுவது கால் மணி நேரம். மிதிவண்டியின் சக்கரம் ஒருமுறை பழுதாயின் அதுவும் போயிற்று. வெற்றிபெறுவோர் வீடு திரும்பக் கிளம்பும் வேளையில் இவள் ஓடிக்கொண்டிருப்பாள் என்பது அவளுக்கே தெரியும்.

"வீண் அலைச்சல்" என்றார் அவளுடைய மாமியார். வீட்டில் பேச்சு வளர்ந்தது. ஒரு நாள் திருப்பருத்திக்குன்றம் கோயிலில் தரிசனம் முடித்து வெளியே வருகையில், "அத்தை, நான் ஓடுவது பாவமா? சாத்திரத்தில் இருப்பதைச் சொல்லுங்கள்" என்று நம்மைக் கேட்டாள். கேட்பவள் விளையாட்டாகக் கேட்கவில்லை; பாவம் என்று சொன்னால் நிறுத்திவிடும் இயல்பினள். ஆதலின் உடனே விடை கூறாமல் நூல்களைப் புரட்டிப் பார்த்தோம்.

மாமியார் சொன்ன சொல் வெறும் வசைச்சொல் அன்று என்பது புரட்டியபோது விளங்கிற்று. காஞ்சியோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் சமந்தபத்திரர், தமது இரத்தினகரண்டக நூலில் இல்லறத்தார்க்குரிய விரதங்களைக் கூறுமிடத்து, பயனின்றி உயிர்க்கு ஊறு செய்யும் அநர்த்த தண்டத்தை விலக்குகிறார். பயனின்றி நிலத்தைக் கிளறுதல், நீரைக் கலக்குதல், தீ வளர்த்தல், காற்றை அசைத்தல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, பயனின்றித் திரிதலும் பிறரைத் திரியச் செய்தலும் அங்கே சேர்க்கப்பட்டுள்ளன. கடலில் நீந்திப் புறப்பட்ட கரைக்கே மீள்வதும், ஊரைச் சுற்றி ஓடி வீட்டு வாயிலுக்கே வந்து சேர்வதும் இதில் அடங்கும் என ஒருவர் வாதிட்டால், அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆனால் அங்கே தலைமையான சொல் 'பயனின்றி' என்பது. இப்போட்டி தோன்றிய வரலாற்றைப் பார்த்தால் பயன் எதுவும் தென்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஹவாய்த் தீவில் அமெரிக்கக் கடற்படை அதிகாரியாய் இருந்த ஜான் காலின்ஸ் என்பவரும் நண்பர்களும், நீந்துவோர், ஓடுவோர், மிதிவண்டி ஓட்டுவோர் இவர்களுள் உடலுரம் மிக்கவர் யார் என்று தர்க்கித்தனர். அங்கே தனித்தனியே நடந்துவந்த மூன்று போட்டிகளை ஒரே நாளில் அடுக்கிவிட்டால் விடை கிடைக்கும் என்றார் அவர். 1978 பிப்ரவரி 18 அன்று பதினைந்து பேர் புறப்பட்டனர், பன்னிருவர் முடித்தனர். முதலில் வந்த கார்டன் ஹாலருக்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. இரண்டாமவருக்கு வழியில் குடிநீர் தீர்ந்துபோக, உடன் சென்றோர் பீர் கொடுத்தனராம்! தர்க்கத்தில் பிறந்த ஒன்று தர்க்கத்திற்கு மேல் என்ன பயன் தரும் என்று நம் வாசகர்கள் கேட்கலாம்.

இங்கு நமது பழைய தொழிலின் பாடம் ஒன்று உதவுகிறது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் பயின்றபோது, தார்ண்டைக் என்னும் உளவியலாரின் கற்றல் விதிகளை மனப்பாடம் செய்தோம்: ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி. திரும்பத் திரும்பச் செய்தால் கற்றல் உறுதிப்படும் என்பது பயிற்சி விதி. ஆனால் தார்ண்டைக் அவ்விதியைப் பின்னர்த் தாமே திருத்திக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு குறிப்பிட்ட நீளத்திற்குக் கோடு வரையச் சொன்னார். வரைந்தது சரியா தவறா என்று கூறவில்லை. எத்தனை முறை வரைந்தும் முன்னேற்றம் காணோம். வெறும் மீள்செயல் எதையும் கற்பிப்பதில்லை. செய்ததன் விளைவை அறிவதே கற்பிக்கிறது. வகுப்பில் 'கையெழுத்து நூறு முறை எழுது' என்று தண்டனை கொடுப்போரை அதன்பின் நாம் மதித்ததில்லை.

ஐந்தீ நடுவே நின்றவனும் கண்ணை மூடிக் கோடு வரைந்தவனே. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் இத்தகைய வருத்தத்திற்குப் 'பால தபம்' என்று பெயரிடுகிறது; அறியாச் சிறுவரின் தவம் என்பது பொருள். கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சூத்திரம் இதனைப் பாவமென்று ஒதுக்கவில்லை. தேவ ஆயுளுக்குக் காரணமானவற்றின் வரிசையில் வைக்கிறது. வருத்தம் வீண்போவதில்லை, ஆனால் வீடுபேற்றிற்கு அது வழியாவதுமில்லை.

இதனோடு ஒப்பிட நம் தமிழரிடையே ஒருவர் வாழ்க்கை உண்டு. வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன், வழக்கறிஞர். 1971-இல் பாக்கு நீரிணையைத் தம் ஊரிலிருந்து கோடியக்கரைக்கும், அங்கிருந்து மீண்டும் தம் ஊருக்குமாக, ஐம்பத்தொரு மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். பல துறைகளில் உலக சாதனைகள் நிகழ்த்தினார். 1980-இல் முப்பத்து மூன்று மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றார். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்று, அந்நீரிலேயே உயிர் நீத்தார். அவருடைய மன உறுதிக்கு முன் தலை வணங்காதவர் யார்? எனினும் ஒற்றைக் காலில் நின்ற செய்தியைப் படிக்கும்தோறும், ஓராண்டுக் காலம் காயோற்சர்க்கத்தில் நின்ற பாகுபலியின் நினைவு நமக்கு வருகிறது. கொடி படர்ந்தது, புற்று வளர்ந்தது; உடலளவில் குறையே இல்லை. ஆயினும் தமையனுக்குத் தம்மால் துன்பம் நேர்ந்ததே என்னும் ஒரு நினைவு உள்ளே தங்கியிருந்தவரை கேவல ஞானம் தோன்றவில்லை என்று ஆதிபுராணம் கூறுகிறது. காலம் எத்தனை மணி என்பதை ஒரு நூல் பதிவு செய்கிறது. உள்ளே என்ன தங்கியிருந்தது என்பதை மற்றொரு நூல் கேட்கிறது.

உள்ளே தங்குவது பெரும்பாலும் செருக்கே. சமந்தபத்திரர் எண்ணிய எட்டு மதங்களுள் வலிமைச் செருக்கு, உடல் செருக்கு, தவச் செருக்கு மூன்றும் தனித்தனியே இடம்பெறுகின்றன. தவத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பது நோற்பாரும் நினைக்கத்தக்கது. பத்து நாள் பர்வத்தில் உபவாசம் இருந்தோர் படத்தைப் பலகையில் அச்சிட்டுத் தெருவில் நிறுத்தும் வழக்கம் நம்மிடையேயும் பரவிவருகிறது. பதக்கத்தோடு படம் எடுத்துக்கொள்ளும் விளையாட்டு வீரனைக் குறைகூறுமுன் அப்பலகையையும் ஒருமுறை பார்த்தல் நலம்.

இவ்விடத்தில் மெதுவாக ஓடுபவர்க்கு ஒரு வாய்ப்பு இருப்பதாக நாம் கருதுகிறோம். முதலில் வருபவர்க்குப் புகழ் கூலியாகிறது. கடைசியில் வருபவர்க்கு அக்கூலி இல்லை. பயிற்சியின் பெரும்பகுதி, மூச்சு முட்டாமல் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில்தான் நடைபெற வேண்டுமாம். காலையில் நம் வீதியில் நடைப்பயிற்சி செய்யும் முதியவர்கூட அவளை ஏறத்தாழ எட்டிப் பிடித்துவிடுகிறார். 'முந்திக் காட்டு' என்று உள்ளே எழும் குரலை அடக்கி, வகுத்த வேகத்திலேயே ஓடுவதுதான் தனக்கு மிகக் கடினமாய் இருந்தது என்றாள். கால் வலியைவிட அது கடினம் என்றதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். இது செருக்கு தலைநீட்டுவதைக் கண்டு உடனே அறிதல் அல்லவா? கண்ணைத் திறந்து வரையும் கோடு அல்லவா?

வருத்தத்திற்கும் அளவுண்டு. 1982 பிப்ரவரியில் ஹவாய்ப் போட்டியில் ஜூலி மாஸ் என்னும் மாணவி முதலிடத்தில் வந்துகொண்டிருந்தவள், முடிவுக் கோட்டின் அருகே உடல் ஓய்ந்து வீழ்ந்தாள். எழுந்தாள், வீழ்ந்தாள், இன்னொருத்தி கடந்து சென்று முதலிடம் பெற்ற பின்னும், தவழ்ந்தே கோட்டைத் தொட்டாள். தொலைக்காட்சியில் அதைக் கண்டோர் கண்ணீர் விட்டனர். அதனாலேயே இவ்விளையாட்டு உலகெங்கும் பரவியது என்பர். நம் நெறி அதனைப் போற்றுமா? சோடச காரண பாவனைகளுள் 'ஆற்றலுக்கேற்ற தவம்' என்பது ஒன்று. ஆற்றலை ஒளிக்காமலும் நெறிக்கு மாறுபடாமலும் உடலை வருத்துவதே தவம் என்பது பூஜ்யபாதர் தரும் விளக்கம். ஒளித்தலும் குற்றம், மீறுதலும் குற்றம். 'எனக்கு முட்டி வலி' என்று சொல்லிச் சாமாயிகத்திற்கும் அமராத நம்மில் பலரும் முதற் குற்றத்தில்தான் இருக்கிறோம்.

பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் அமர்ந்து நாள் முழுதும் மிதியை மிதிக்கும் நெசவாளரை எண்ணாமல் இவ்வூரில் இருந்துகொண்டு உடல் வருத்தத்தைப் பற்றி எழுத இயலாது. கோர்வைச் சேலைக்கு இருவர் வேண்டும். நாடா வாங்கும் துணையாள் பெரும்பாலும் வீட்டாரே. இடுப்பும் முழங்காலும் தேய்கின்றன. பதக்கம் இல்லை. வறுமையால் வேறு வழியின்றிப் பொறுக்கும் துன்பத்திற்கு அகாம நிர்ஜரை என்று சூத்திரம் பெயர் சூட்டி, பால தபத்திற்கு அருகிலேயே வைத்திருக்கிறது. பெருந்தொகை கொடுத்து மிதிவண்டி வாங்கி, கட்டணமும் கட்டித் துன்பத்தைத் தேடிச் செல்வோரும், கூலிக்காகத் துன்பத்தில் அமர்ந்திருப்போரும் ஒரே சூத்திரத்தில் அடுத்தடுத்து நிற்பது நமக்குப் பெரும் வியப்பு. அப்பெண்ணிடம் இதைச் சொன்னோம். அவள் விடை சொல்லவில்லை. பட்டறைத் தெரு வழியே ஓடும்போது தறியோசை கேட்டால் வெட்கமாக இருக்கிறது என்று பிறகொரு நாள் சொன்னாள். அந்த வெட்கத்தை நாம் தணிக்க முயலவில்லை.

இனி உணவு. நீண்ட நேரம் உழைக்கும் உடலில் சேமித்த மாவுச்சத்து இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மிதிவண்டியில் செல்கையிலேயே உண்ண வேண்டும். அதற்கெனக் கடையில் விற்கும் இனிப்புக் கூழ் சிலவற்றில் தேன் இருக்கிறது. உப்பு மாத்திரைகளின் மேலுறை சில விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. இவள் ஒவ்வொரு உறையையும் திருப்பிப் படித்து ஒதுக்கிவிட்டு, பேரீச்சம்பழம், வெல்லமிட்ட பொரிமாவு உருண்டை, வடிகட்டிக் காய்ச்சிய நீரில் உப்பும் எலுமிச்சையும் என்று வகுத்துக்கொண்டாள். உருளைக்கிழங்கையும் விட்டாள். பயிற்சியாளர் திங்கட்கிழமை ஓய்வு என்றாராம். இவள் அட்டமியும் சதுர்த்தசியும் ஓய்வு என்று பஞ்சாங்கத்தைக் காட்டினாளாம். தேன் பற்றிக் கவலைப்பட்ட மாமியார், சென்ற திருமணத்திற்கு அரக்குப் பட்டு உடுத்தி வந்திருந்தார் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறோம். ஒரு சேலைக்குக் கொதிநீரில் இடப்படும் கூடுகள் ஆயிரக்கணக்கில் என்பது பட்டு நகரத்தாருக்குத் தெரியாததன்று.

கடல் நீரைக் கலக்குவது பற்றிய ஐயம் மட்டும் நம்மிடம் அப்படியே இருக்கிறது. நிலத்தில் நடந்தாலும் ஊறு உண்டு. ஆதலால்தான் முனிவர் கண்ணோக்கி நடக்கின்றனர் என்றோம். நீருக்குள் எப்படிக் கண்ணோக்குவது என்று அவள் திருப்பிக் கேட்டாள். உடல் நலத்திற்கும் மனக் கட்டுப்பாட்டிற்கும் என்று ஒரு பயனைக் கருதி, அளவு வகுத்துக்கொண்டு செய்வதை அநர்த்த தண்டம் என்று நாம் சொல்லத் துணியோம். குற்றமே இல்லை என்றும் சொல்லோம். மாமல்லபுரத்திற்கு நீந்தச் செல்லும் நாளில் மாலையில் பிரதிக்கிரமணம் செய்கிறாள்.

இதன் இருமடங்குத் தொலைவுள்ள முழுப் போட்டியும் உண்டு. பதினேழு மணி நேரம் வரை நீளக்கூடியது. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவி மடோனா பியூடர் 2012-இல் தமது 82-ஆம் வயதில் கனடாவில் அதனை முடித்தார். அச்செய்தியை நாமே அவளுக்குக் கொடுத்தோம். படித்துவிட்டு மடித்து வைத்தாள். கோவாப் போட்டி காலையில் தொடங்கிச் சூரியன் மறையுமுன் முடிந்துவிடும். முழுப் போட்டியில் தன்னைப் போல் மெதுவாகச் செல்பவள் இருட்டிய பின்னும் உண்டும் பருகியும் ஓட வேண்டிவரும், ஆகவே அது வேண்டாம் என்றாள். மிதிவண்டியை மட்டும் விற்கப் போவதில்லையாம். வங்கிக்கு அதிலேயே போய் வரப்போகிறாள்.