காபிக்குக் கட்டுப்படுதல்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டுக் காபிக் கடைகளில் நான் உட்கார்ந்தால், பக்கத்து மேசையில் மனை பேசுவது காதில் விழாமல் இருக்காது. புரோக்கர், வாங்குறவர், விற்கிறவர்; மூன்று டம்ளர். கடையில் வியாபாரம் பேசுவது தப்பில்லை. 1680களில் லண்டனில் எட்வர்ட் லாய்டின் காபிக் கடையில் கூடிய கப்பல் வியாபாரிகளிடமிருந்துதான் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையே வந்தது.

என்னை உறுத்துவது வேறு. பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதம் ஆகும்வரை கை நனைக்காத பழக்கம் நம்மிடம் உண்டு. சாப்பிட்டபின் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வராது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். படியாவிட்டால் கையை எடுத்துக்கொள்ளலாம், கேட்ட விலை யாருக்கும் தெரியாது. இரண்டுமே மறுப்பதற்கு விட்டுவைத்த வழிகள்.

காபிக் கடையில் அந்த வழி அடைபடுகிறது. புரோக்கர் காசில் காபி குடித்தாயிற்று. “நாலு பேரு முன்னாடி சொன்ன சொல்லுங்க” என்கிறார். விற்க வந்த பெரியவர் தலையாட்டுகிறார்.

தலையாட்டினால் மட்டும் நிலம் கைமாறாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலத்தை விற்கப் பதிவுப் பத்திரம் வேண்டும். ஆனால் அவர் பயப்படுவது சட்டத்துக்கு இல்லை, சொன்ன சொல்லுக்கு. அந்த நாணயத்தைத்தானே ஒரு டம்ளர் காபி கொடுத்து வளைக்கிறோம்?

வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் வாங்கிய சம்மதம் சம்மதமா? காபி தாராளமாக வாங்கிக் கொடுங்கள். கூடவே, “வீட்ல கலந்துட்டு நாளைக்குச் சொல்லுங்கய்யா” என்றும் சொல்லுங்கள்.