அடுத்த ஊரில் இல்லை கதை

மலேசியாவில் கதை எழுத வருகிறவர்கள் முதலில் தொலைவில் ஓர் ஊரைத் தேடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் நெரிசலும் கிள்ளான் கடைத்தெருவும் அவர்களுக்குப் பார்த்துச் சலித்தவை. நாவலாசிரியர் அ. ரெங்கசாமியோ லங்காட் நதிக்கரையையே நாவலாக்கினார். ஜப்பானியர் 1943இல் போட்டு முடித்த சயாம் மரண ரயில் பாதை, ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து அவர் கையில் ‘நினைவுச் சின்னம்’ நாவல் ஆனது.

எழுதுவது தாமதமாகலாம், தவறில்லை. கேட்பது தாமதமாகக் கூடாது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு வயதாகிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை கைத்தொலைபேசியை அணைத்துவிட்டு, வீட்டுப் பெரியவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், அவர் பேசட்டும்.