ஓய்வில் அணையும் எஞ்சின்

சாலையில் யாதொரு குறையுமின்றி விரையும் பழைய அம்பாஸிடர் கார், ரயில்வே கேட்டின் முன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் குலுங்கி அணைந்துபோகுமானால், அதன் பிணி வேகத்தில் இல்லை, ஓய்வில்தான் இருக்கிறது என்பதை அனுபவமுள்ள மெக்கானிக் உடனே அறிந்துகொள்கிறார். காலெடுத்ததும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்ள, கார்புரேட்டரின் பெரிய ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கும் காற்றின் வலிமை குன்றிவிடுகிறது. அந்த க்ஷணத்தில் எஞ்சினின் பிராணனைக் காப்பது, அரை மில்லிமீட்டர் அளவே துவாரமுள்ள ஸ்லோ ஜெட். அதில் ஒரு தூசி அடைத்தால் போதும். அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, கம்பியால் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகு, மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியே காற்று புகுகிறதா என்றும் சோதிக்கிறார். ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தை ஏற்றுவது சுலபம்; அது நோயை மறைப்பதேயன்றிச் சிகிச்சையாகாது.

ஓய்வில் அணையும் இந்தப் பிணி மனிதருக்கும் உண்டு. கர்மத்தைவிட ஞானமே சிறந்ததென்றால் என்னை ஏன் கர்மத்தில் ஏவுகிறாய் என்னும் அர்ஜுனனின் கேள்வியோடுதான் கீதையின் மூன்றாம் அத்தியாயம் தொடங்குகிறது. ஞானத்தில் நிலைத்து நிற்கும் நிஷ்டை என்பது செயலின் வெறும் இன்மையன்று, தனக்கென்று நுண்ணிய போஷணையை வேண்டி நிற்கும் ஒரு ஜீவநிலை என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். உத்தியோகத்தில் சிங்கமாக விளங்கியவர் ஓய்வுபெற்றதும் உள்ளம் அணைந்துபோவதைக் காண்கையில், நாம் இரக்கத்தால் அவருக்கு இன்னொரு பதவியைத் தேடித் தருகிறோம். அதற்கு முன், அவரோடு அரை நாழிகை மௌனமாக அமர்ந்து பாருங்கள்.